நமக்காக நாமே: சிங்கையில் கூடிய ஒரு மாநாட்டின் வரலாறு

நாம் சிறுவராக இருந்த காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். தோட்டத்து லாரி கவிழ்ந்ததில் அவருக்கு ஒரு கால் போய்விட்டது. விடியற்காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போன பிறகு, லயத்தில் எஞ்சி இருப்பவர்கள் கிழவிகளும் கைக்குழந்தைகளும் அவரும்தாம். குடை பழுது பார்ப்பார், மிதிவண்டிச் சக்கரத்துக்குக் கம்பி முறுக்குவார். நாங்கள் அவரை ‘நொண்டி மாமா’ என்றே கூப்பிட்டு வந்தோம். அவரும் திரும்பிப் பார்ப்பார். அவர் காலமானபோது பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த தாளில்தான் அவருடைய பெயரை முதன்முதலாகப் படித்தோம்.

அது பழைய கதை. புதிய கதை ஒன்றையும் சொல்கிறோம். நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன் படித்தான். பிறவியிலேயே கால்கள் இயங்காதவன். சக்கர நாற்காலியில் வருபவன். அவனுக்கு ஓர் அட்டை வாங்குவதற்காக அவன் தாயாரோடு நாமும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். முகப்பில் இருந்தவர் அந்த அம்மாளைப் பார்த்து, “பையன் பேசுவானா? பேர் சொல்லத் தெரியுமா?” என்று கேட்டார். பையன் அங்கேதான் இருக்கிறான். மாவட்ட அளவிலே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன்! தாயார் ஏதோ பதில் சொன்னார். நாமும் ஏதோ சொன்னோம். திரும்பி வரும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து அவன் கேட்டான்: “ஐயா, அவர் ஏன் என்னைக் கேக்கல?”

அந்த அலுவலரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாமும் அவனை முந்திக்கொண்டுதான் பதில் சொன்னோம். இவர்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்ற இந்தக் கேள்வி, 1980ஆம் ஆண்டில் உலகத்தின் ஒரு பெரிய மன்றத்தையே இரண்டாகப் பிளந்தது. பிளந்து வந்தவர்கள் மறு ஆண்டு ஒன்றுகூடிய இடம் வேறெங்கும் இல்லை. நமக்குக் கடல் தாண்டாத தூரத்தில், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூர்தான். அந்த வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அக்காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்றார்கள். இப்போது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்கிறோம். நம் நாட்டு அரசாங்கத் தாள்களிலும் பழைய ‘ஓராங் சாச்சாட்’ மறைந்து ‘ஓகேயூ’ என்பது நிலைத்துவிட்டது. பழைய செய்தியைச் சொல்லும்போது பழைய சொல்லும் நம் வாயில் வரும். நேயர்கள் அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். மாமாவுக்கு எந்தச் சொல்லும் வேண்டியிருக்கவில்லை, அவர் பெயரே போதுமாக இருந்தது என்பது நமக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கனடா நாட்டில் வின்னிப்பெக் என்று ஒரு நகரம். குளிர்காலத்தில் உறைபனிக்குக் கீழே முப்பது பாகை வரைக்கும் இறங்கிவிடும் இடம். அங்கே 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனைத்துலக மறுவாழ்வு அமைப்பு தன் உலக மாநாட்டைக் கூட்டியது. அவ்வமைப்பு 1922இல், ஊனமுற்ற குழந்தைகளுக்கு உதவுவதற்காக அமெரிக்காவில் தோன்றியது. நல்ல நோக்கத்தோடு தோன்றியதுதான். மருத்துவர்கள், தாதியர், செயற்கைக் கால் செய்யும் வல்லுநர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், அரசாங்க அதிகாரிகள் ஆகியோர் அதில் உறுப்பினர். ஊனமுற்றவர்களைப் பற்றிக் கட்டுரை படிப்பார்கள், விவாதிப்பார்கள், தீர்மானம் போடுவார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் மட்டும் மேடையில் மிகக் குறைவு.

வின்னிப்பெக்கில் ஒரு புதுமை நடந்தது. பல நாடுகளிலிருந்து ஏறக்குறைய 300 ஊனமுற்றோர் வந்து சேர்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர், வெள்ளைக் கோல் பிடித்து வந்தவர், கைச்சாடையால் பேசுபவர் என எல்லாரும் இருந்தார்கள். சுவீடன் நாட்டுப் பிரதிநிதிகள் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். இனி ஒவ்வொரு நாட்டின் பேராளர் குழுவிலும் பாதிப்பேர் ஊனமுற்றவர்களாகவோ அவர்களுடைய சங்கங்களைச் சார்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். முழுவதும் எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்கவில்லை, பாதி கேட்டார்கள். வாக்கெடுப்பில் அது தோற்றது.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் நமக்காகப் பேசியவர் யார்? கங்காணி பேசினார். கிராணியார் எழுதினார். துரை முடிவு செய்தார். அவர்களிலும் இரக்கமுள்ளவர்கள் இருந்தார்கள், இல்லை என்பதற்கில்லை. ஆயினும் 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டு, பால் வெட்டுகிறவரின் சம்பளத்தைப் பற்றிப் பேச அவருடைய சங்கமே மேசையில் எதிரே உட்கார்ந்தபோதுதான் பேச்சின் தன்மை மாறியது. இரக்கம் வேறு, பேரம் வேறு. இரக்கப்படுகிறவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம். அவரிடம் கணக்குக் கேட்க முடியாது.

வின்னிப்பெக்கில் தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே தனியே கூடினார்கள். நமக்கென்று ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களில் கனடாவைச் சேர்ந்த ஹென்றி என்ஸ் ஒருவர். சக்கர நாற்காலியில் இயங்கியவர். சுவீடனிலிருந்து வந்த பெங்ட் லிண்ட்குவிஸ்ட் பார்வையற்றவர். பிற்காலத்தில் தம் நாட்டில் அமைச்சராகவும் உயர்ந்தவர். அமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரோ சிங்கப்பூர்க்காரர். அவர் பெயர் ரோன் சந்திரன்-டட்லி. இளம் வயதிலேயே பார்வையை இழந்து, இலண்டனில் உயர்கல்வி பெற்று, ஊர் திரும்பிப் பார்வையற்றோர் பணியில் ஈடுபட்டவர்.

இந்த 300 பேரும் திடீரென்று வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் ஏதோ ஒரு சிறு ஊரில், ஒரு வாடகை அறையில், சம்பளமில்லாமல் நாலைந்து பேர் நடத்திய ஒரு சிறு சங்கம் இருந்தது. வரலாற்று நூல்கள் மாநாட்டைச் சொல்லும். அந்த அறையைச் சொல்லாது. ஆகவே அவற்றில் சிலவற்றைச் சற்று நின்று பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்கிலி என்ற ஊர். அங்கே எட் ராபர்ட்ஸ் என்பவர். 1953இல், பதினான்கு வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் அசைவற்றுப் போயின. சொந்தமாக மூச்சு விடுவதும் அரிதாகிவிட்டதால், இரும்பு நுரையீரல் எனப்படும் ஒரு பெரிய உருளைக்குள் படுத்துத்தான் உறங்க வேண்டும். அவர் தொலைபேசி வழியாகவே உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைக் கேட்டுப் படித்து முடித்தார். முடித்த பின் பள்ளி என்ன சொன்னது தெரியுமா? நீ உடற்பயிற்சிப் பாடத்தையும் வாகனம் ஓட்டும் பாடத்தையும் முடிக்கவில்லை, ஆகவே சான்றிதழ் தர இயலாது என்றது! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நாமும் ஆசிரியர்கள். சட்டப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கம் நமக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய தாயார் ஸோனா மேலிடம்வரை போய்ப் போராடிச் சான்றிதழைப் பெற்றார்.

பிறகு கல்லூரிச் செலவுக்கு மாநில மறுவாழ்வுத் துறையிடம் விண்ணப்பித்தார். இவர் எந்த வேலைக்கும் ஆகாதவர், செலவு செய்து பயனில்லை என்று துறை மறுத்தது. செய்தித்தாள்களில் விஷயம் வெளிவந்த பிறகே மனம் மாறியது. 1962இல் அவர் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தக் கனமான உருளையைத் தாங்கும் விடுதி இல்லாததால், வளாகத்து மருத்துவமனையில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அவரைப் பார்த்து வேறு சிலரும் சேர, மருத்துவமனை மாடி ஒரு விடுதியாயிற்று. நோயாளிகளாக வைக்கப்பட்டவர்கள் அங்கே இரவில் உட்கார்ந்து அரசியல் பேசினார்கள்.

அவர்கள் கண்டுபிடித்தது ஓர் எளிய உண்மை. படிப்பு முடிந்து வெளியே போனால் தங்க வீடு வேண்டும். காலையில் எழுப்பிவிட ஆள் வேண்டும். நாற்காலியின் சக்கரம் கழன்றால் பழுது பார்க்க இடம் வேண்டும். இவை மருத்துவமனையில் கிடைக்கும் பொருள்கள் அல்ல. 1972இல் ‘தற்சார்பு வாழ்வு மையம்’ என்ற பெயரில் அவர்களும் நண்பர்களும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். உதவியாளர் பட்டியல் வைத்திருந்தார்கள். ஏறக்கூடிய வீடுகளைத் தேடித் தந்தார்கள். நாற்காலி பழுது பார்க்கும் பட்டறை நடத்தினார்கள். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் ஊனமுற்றவர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. நகரசபையை விடாமல் நச்சரித்து, தெரு முனைகளில் நடைபாதையைச் சரிவாக வெட்ட வைத்தார்கள். சக்கர நாற்காலிக்காக வெட்டிய சரிவில் தள்ளுவண்டிக் குழந்தையும் போயிற்று, சாமான் வண்டியும் போயிற்று. 1975இல், வேலைக்கு ஆகாதவர் என்று எட் ராபர்ட்ஸை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு ஆளுநர் அவரையே தலைவராக நியமித்தார். இது கதையல்ல, நடந்தது.

இவர்களுடைய கூட்டாளிகள் 1977இல் செய்த காரியம் இன்னும் பெரிது. ஊனத்தைக் காரணம் காட்டி, அரசாங்கப் பணம் பெறும் எந்த நிறுவனமும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1973இல் அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோரும் அவர்களுடைய துணைவர்களும் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த நடுவண் அரசுக் கட்டடத்தின் நான்காம் மாடிக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதோர் சன்னல் வழியாகக் கைச்சாடையால் வெளியே செய்தி சொன்னார்கள். கறுப்பின மக்களின் போராட்ட இயக்கம் ஒன்று நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வாரங்களுக்கு மேல் அசையவில்லை. ஏப்ரல் 28இல் கையெழுத்து விழுந்தது. படுக்கைப் புண் வரக்கூடியவர்கள், மருந்து இல்லாமல் இருக்க முடியாதவர்கள், வெறுந்தரையில் படுத்துச் சாதித்தார்கள். மறியல் என்றால் என்னவென்று அறிந்த நம் முதியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இங்கிலாந்தில் கதை வேறு விதம். ‘செஷயர் இல்லங்கள்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் உண்டு. அவற்றில் முதலாவது இங்கிலாந்திலுள்ள லீ கோர்ட் இல்லம். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர் பால் ஹண்ட், தசை நலியும் நோயுடையவர். உணவும் உறைவிடமும் அங்கே இருந்தன. ஆனால் தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்பதே அங்கு வாழ்ந்த சிலருடைய மனக்குறை. அவர் 1972 செப்டம்பர் 20ஆம் நாள் ‘கார்டியன்’ நாளிதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். இல்லங்களில் அடைபட்டுக் கிடப்பவர்களே, ஒன்றுசேரலாமா என்பதுதான் அதன் கருத்து. பதில்கள் வந்தன. அப்படி ஒரு சங்கம் பிறந்தது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களே பெரும்பாலோர். ஆகவே ஒருவர் எழுதிய கருத்துகளைப் படியெடுத்து மற்றவர்களுக்கு அஞ்சலில் அனுப்பி, அவர்கள் தம் கருத்தை எழுதிச் சேர்த்து, அப்படியே விவாதம் நடத்தினார்கள். படுக்கையில் கிடந்தபடி நடத்திய பொதுக்கூட்டம் என்று அதைச் சொல்லலாம்.

அவர்கள் 1976இல் வெளியிட்ட சிறு நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். உடம்பில் இருப்பது ஒன்று, ஊர் உண்டாக்குவது வேறொன்று. கால் இயங்காமை உடம்பில் உள்ளது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமை உடம்பில் இல்லை. பள்ளியின் ஐந்து படிக்கட்டில் இருக்கிறது. படியைக் கட்டியவர் மனிதர். மனிதரே அதை மாற்றலாம். கேட்கும்போது இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தலைமுறை தலைமுறையாக, போன பிறவியின் வினை என்றும் தலையெழுத்து என்றும் சொல்லிக் கைகழுவி வந்த நமக்கு, பழியைப் படிக்கட்டின்மேல் போடலாம் என்பது புதிய செய்திதான்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வே நாட்டின் புலவாயோ நகரில் ஊனமுற்றோருக்காக நடத்தப்பட்ட அறநிலையம் ஒன்றில், அங்கே வாழ்ந்தவர்களே 1970களில் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். அவர்களில் முன்னின்றவர் ஜோஷுவா மலிங்கா, இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர். தமக்குச் சோறு போட்ட இடத்தை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். நன்றி கெட்டவன் என்ற பட்டம் முதலில் வரும். அவரும் வின்னிப்பெக்குக்கு வந்தவர். பிற்காலத்தில் அனைத்துலக அமைப்பின் தலைவராகவும், தம் நகரமாகிய புலவாயோவுக்கே மேயராகவும் ஆனார்.

சரி, வின்னிப்பெக்குக்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். அமைப்புக் குழு அயர்லாந்தின் டப்ளினிலும் கனடாவின் தொரொந்தோவிலும் கூடியது. மின்னஞ்சல் இல்லாத காலம். கடிதம், தந்தி, எப்போதாவது தொலைபேசி. பார்வையற்ற தலைவருக்குக் கடிதத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும். கை இயங்காதவருக்கு யாராவது தட்டச்சுச் செய்து கொடுக்க வேண்டும். இப்படியே ஓர் உலக மாநாட்டை ஒன்றரை ஆண்டுக்குள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கூட்டுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் உலகின் ஊனமுற்றோரில் பெரும்பகுதியினர் வாழ்வது ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய ஏழை நாடுகளில். முதல் மாநாடு ஆசியாவில் நடந்தது பொருத்தமே.

அந்த 1981ஆம் ஆண்டும் ஒரு தனி ஆண்டு. ஐக்கிய நாட்டு அமைப்பு அதை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. முதலில் அந்தப் பெயர் ‘ஊனமுற்றோருக்கான ஆண்டு’ என்ற பொருளில் இருந்தது. பிறகு அதை ‘ஊனமுற்றோரது ஆண்டு’ என்ற பொருள்படும்படி மாற்றினார்கள். நாம் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஆதலால் இதை விட்டுப் போக மனம் வரவில்லை. முதலாவது நான்காம் வேற்றுமை, கொடைப் பொருள். ஒருவர் கொடுக்க, மற்றவர் கைநீட்டி வாங்குவது. இரண்டாவது ஆறாம் வேற்றுமை; உடைமைப் பொருள். இது எங்களுடையது என்பது. ஓர் உருபு மாறியதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு இருந்தது. வகுப்பில் வேற்றுமை நடத்தும்போது இப்போதெல்லாம் நாம் இந்த எடுத்துக்காட்டைத்தான் சொல்கிறோம்.

1981 நவம்பர் இறுதியில் சிங்கப்பூரில் மாநாடு தொடங்கி டிசம்பர் தொடக்கம்வரை நடந்தது. 50க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 பேர் வந்தார்கள். ‘டி.பி.ஐ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அனைத்துலக ஊனமுற்றோர் அமைப்பு அங்கே முறைப்படி பிறந்தது. ரோன் சந்திரன்-டட்லி முதல் தலைவரானார். உறுப்பாகச் சேரும் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்திலும் ஊனமுற்றோரே பெரும்பான்மையாக இருந்து நடத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. கண் பார்வையற்றோர் ஒரு பக்கம், காது கேளாதோர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்ற வழக்கத்தை விட்டு, எல்லாரும் ஒரே அமைப்பில் சேர வேண்டும் என்றார்கள். ‘எங்கள் சொந்தக் குரல்’ என்ற கருத்தையே முழக்கமாக வைத்தார்கள். கல்வி, மறுவாழ்வு, வேலை, வருவாய்ப் பாதுகாப்பு, பிறர் தயவில் அடைபடாமல் வாழ்தல், சமூகத்திலும் அரசியலிலும் பங்குபெறல் ஆகியவற்றை உரிமைகளாக எழுதி ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். அவற்றில் இன்னொன்றும் உண்டு. தம்மைப் பற்றிய முடிவுகளில் செல்வாக்குச் செலுத்தும் உரிமை. மற்ற உரிமைகளை வாங்கித் தரும் உரிமை அதுதான்.

அடுத்த ஆண்டு, 1982 டிசம்பர் 3ஆம் நாள், ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை ஊனமுற்றோருக்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்றது. 1983 முதல் 1992 வரையில் அவர்களுடைய பத்தாண்டாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் நாளை நம் பள்ளிகளிலும் கொண்டாடுகிறோம் அல்லவா? அந்த வழக்கம் 1992இல் தொடங்கியது. பிறகு 2006இல் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை பிறந்தது.

உலக அமைப்பின் தலைவராக இருந்தவரின் சொந்த ஊரில் நிலைமை எப்படி? 1986இல் சிங்கப்பூரிலே ஊனமுற்றோர் சங்கம் பதிவு பெற்றது. மறு ஆண்டு, 1987 நவம்பரில், அங்கே எம்.ஆர்.டி. இரயில் ஓடத் தொடங்கியது. புத்தம் புதிய இரயில், பளிங்கு போன்ற நிலையங்கள். ஆனால் சக்கர நாற்காலிக்காரர் நடைமேடைக்குப் போக மின்தூக்கி வைக்கவில்லை. சங்கத்தார் எழுதினார்கள், கேட்டார்கள், மீண்டும் எழுதினார்கள். 2003இல் திறந்த வடகிழக்குத் தடம்தான் எல்லா நிலையங்களிலும் ஏறி இறங்க வழி வைத்துக் கட்டப்பட்ட முதல் தடம். பழைய நிலையங்களில் மின்தூக்கிகளைப் பிற்பாடு ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். பதினாறு ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் காலம். சந்திரன்-டட்லி 2015 டிசம்பரில் காலமானார். இன்று சிங்கப்பூருக்குப் போகும் நம் உறவினர்கள் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அந்த மின்தூக்கியில் ஏறுகிறார்கள்.

நம் நாட்டில் 1984இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராகிட் என்ற இடத்தில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. ‘பிடிகே’ என்று நாம் சொல்லும் நிலையங்கள் அதிலிருந்து வந்தவைதாம். 2008இல் ஊனமுற்றோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010 ஜூலையில் உலக உடன்படிக்கையை அரசாங்கம் உறுதிப்படுத்தியது. நாடாளுமன்ற மேலவையில் இவர்கள் சார்பாக இவர்களிலேயே ஒருவர் அமர வேண்டும் என்ற கோரிக்கையும் நிறைவேறியது. பார்வையற்ற பொருளியல் பேராசிரியர் இஸ்மாயில் சாலே 2007இல் நியமிக்கப்பட்டார். பின்னர் சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன் அந்த இடத்தில் அமர்ந்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தமக்காகத் தாமே நடத்தும் சங்கத்தில் உழைத்து வந்தவர் அவர். ஆயினும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறையை அச்சங்கத்தார் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். உரிமை எழுதப்பட்டிருக்கிறது, அதை மீறுபவருக்குத் தண்டனை எழுதப்படவில்லை என்பதே அது. பிரம்பில்லாத தலைமையாசிரியர் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

இனி நாம் சொல்லத் தயங்கும் ஒரு பகுதிக்கு வருகிறோம். தமக்காகத் தாமே பேச வேண்டும் என்ற கொள்கை அழகானது. ஆனால் சொல் வளராத பிள்ளைக்கு? மூளை வளர்ச்சி குன்றிய மகளை முப்பது ஆண்டு தூக்கி வளர்த்த தாய், நீ அவளுக்காகப் பேசாதே என்று கேட்டால் மனம் நோகமாட்டாளா? பல சங்கங்களில் பெற்றோருக்கும் ஊனமுற்றோருக்கும் இதிலே மனத்தாங்கல் வந்ததுண்டு. நம் எண்ணத்தில், தாய் பேசட்டும். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும். அந்தப் பிள்ளை சிரிப்பதும் முகம் சுளிப்பதும்கூட ஒரு பதில்தான். இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

இன்னொன்று. சங்கம் நடத்துவது என்றால் மேடையும் மாலையும் அன்று. கோவில் திருவிழாக் குழுவிலோ மணிமன்றத்திலோ இருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டக் குறிப்பு எழுத ஒருவர் வேண்டும். பற்று வரவு பார்க்க ஒருவர் வேண்டும். ஆண்டுக் கூட்டத்தை நடத்திச் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இவர்களுடைய சங்கத்திலோ இன்னும் உண்டு. கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஏற முடியுமா, கழிப்பறைக் கதவு அகலமா, அழைத்து வர வண்டி யார் ஓட்டுவது, காது கேளாதவருக்குச் சாடையில் சொல்ல யார் வருவார் என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் வேலை முடிந்த மாலை நேரத்தில், உடம்பே ஒத்துழைக்காத நாளிலும் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் இருபது பேர் வருவார்கள். மூன்றாம் ஆண்டில் நான்கு பேர். அந்த நான்கு பேர்தான் பெரும்பாலும் காரியத்தை முடித்தவர்கள்.

சங்கம் பதிய நம் நாட்டுச் சட்டத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நம் தோட்டத்தையும் சுற்றியுள்ள இரண்டு தோட்டங்களையும், தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்களையும் நாம் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தோம். செம்பனைக் குலை விழுந்து முதுகு உடைந்தவர் ஒருவர். சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்கள் மூவர். பார்வை மங்கிய பாட்டி ஒருவர். காது கேளாத, தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி. ஆறு பேர் ஆயிற்று.

ஏழாவது ஆளாக நம் மாணவனைச் சொன்னோம். அவனுக்கு வயது போதாது என்று அவனே சட்டம் பேசினான். இப்போது அவன் இடைநிலைப் பள்ளி மாணவன். அந்தப் பள்ளியில் அறிவியல் கூடம் மாடியில் இருக்கிறது. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி பள்ளிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றான். நாம் எழுதித் தருவதாகச் சொன்னோம். “வேணாம் ஐயா, நான் எழுதுறேன். நீங்க எழுத்துப் பிழை மட்டும் பாருங்க” என்றான். இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தான். ஒற்றுப்பிழை மூன்று இருந்தது. திருத்திக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. மறுபடியும் எழுதுவதற்காக அவன் தேதியைக் குறித்து வைத்திருக்கிறான்.